இரண்டு பேர் வண்டியில் ஐந்தாவது சக்கரம்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. சிங்கப்பூரில், செங்காங்கில் வீடு. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். இப்போதைய தலைமுறை, 2 லிட்டர், துணிக்கூரை. நான்கு டயரும் 205/45 ஆர்17. மாதம் ஒருமுறை மலேசியாவில், சிரம்பானில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவோம். பெரும்பாலும் மனைவியோடு, சில மாதம் நான் மட்டும். வண்டியில் ஸ்பேர் சக்கரம் கிடையாது. பஞ்சர் அடைக்கும் ஒரு புட்டி திரவமும் காற்றடிக்கும் சின்னப் பம்பும்தான் இருக்கின்றன. 30 ஆண்டு லாரி ஓட்டியவர் என் மாமனார். "ஸ்டெப்னி இல்லாத வண்டியில் என் மகளை ஹைவேயில் கூட்டிவராதே" என்கிறார். பழைய பாகங்கள் விற்கும் ஒருவர், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டியின் மெல்லிய ஸ்பேர் சக்கரம் இருக்கிறது, நட் ஓட்டைகள் அப்படியே பொருந்தும் என்று 150 வெள்ளி கேட்கிறார். அதில் 115/70, 14 அங்குலம் என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எங்கே வைப்பது? இருக்கைக்குப் பின்னால் வைக்கலாமா?

பதில்:

தம்பி, அந்தச் சக்கரத்தை வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

விற்பவர் சொன்னது பொய்யில்லை. முதல் தலைமுறைக்கும் உங்கள் வண்டிக்கும் நான்கு நட், அவை அமையும் வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. மூன்றும் ஒன்றுதான். ஆனால் ஓட்டை பொருந்துவது வேறு, சக்கரம் பொருந்துவது வேறு. உங்கள் முன் பிரேக் வட்டு 280 மி.மீ. விட்டம். அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 14 அங்குல ரிம்மின் உட்புறத்தில் அதற்கு இடமே இல்லை. இருட்டில், சாலை ஓரத்தில், ஜாக்கி தூக்கி நிற்கும் வண்டியில்தான் அது உங்களுக்குத் தெரியவரும்.

அடுத்தது உயரம். இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்த டயர் வாங்கும்போதும் உதவும் கணக்கு இது. 205/45 ஆர்17 என்றால் ரிம் 17 அங்குலம், அதாவது ஏறக்குறைய 432 மி.மீ. பக்கச்சுவர் 205இல் 45 விழுக்காடு, 92 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் முழு விட்டம் 616 மி.மீ. அந்த 115/70 சக்கரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 517 மி.மீ.தான் வரும். விட்டத்தில் 10 செ.மீ. குட்டையான சக்கரம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உங்கள் சொந்தச் சக்கரம் 516 முறை சுற்றும், அது 616 முறை சுற்றும். இதைப் பின்னால் மாட்டினால், இரு பின்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் விடாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் எல்எஸ்டி வகை டிஃபரன்ஷியல் பொருத்திய வண்டியாக இருந்தால் உள்ளே சூடேறித் தேயும். நான்கு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் தடுப்பும் ஏதோ ஒரு சக்கரம் சறுக்குகிறது என்றே நினைக்கும்.

சரியான ஸ்பேர் எப்படி இருக்க வேண்டும்? 125/70, 17 அங்குலம் என்றொரு மெல்லிய வகை உண்டு. அதன் விட்டம் 607 மி.மீ. உங்கள் சக்கரத்தைவிட 9 மி.மீ.தான் குறைவு, கிலோமீட்டருக்கு எட்டு சுற்று வித்தியாசம். அளவு அருமையாக ஒத்துப்போகிறது. ஆனால் 17 அங்குலத்தில் நான்கு நட் ரிம் எளிதில் கிடைக்காது. பழைய பாகக் கடைகளில் டொயோட்டா வியோஸ், யாரிஸ் சக்கரங்களைக் காட்டுவார்கள். அந்த வண்டிகளின் பல மாடல்களுக்கும் அதே நான்கு நட், அதே 100, அதே 54.1. அவற்றில் வரும் 185/60 ஆர்15 டயரின் விட்டம் 603 மி.மீ. உயரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 15 அங்குல ரிம் கேலிப்பரைத் தாண்டுமா என்பது அந்தந்த ரிம்மின் உள்வடிவத்தைப் பொறுத்தது. காசு கொடுப்பதற்கு முன் முன்பக்கம் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிவைத்து மறுபடியும் சுற்றுங்கள். நட்டின் முனை கூம்பாக இருக்கிறதா, ரிம்மில் அது உட்காரும் குழியும் அதே வடிவமா என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

இனி எங்கே வைப்பது என்ற கேள்வி. இருக்கைக்குப் பின்னால் வைக்கவே கூடாது. மெல்லிய ஸ்பேர் என்றாலும் ரிம்மோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். வேகமாகப் போகும் வண்டி மோதி நிற்கும்போது உள்ளே இருக்கும் பொருள்களின் மீது 30 ஜி, அதாவது அவற்றின் எடையைப்போல் 30 மடங்கு விசை விழுந்தால், அந்த 12 கிலோ சக்கரம் 360 கிலோ எடையாக முன்னால் பாயும். நடுவில் இருப்பது உங்கள் இருவரின் தலை. காலியான பக்கத்து இருக்கையில் சீட்பெல்ட்டைச் சுற்றி வைப்பதையும் பலர் செய்கிறார்கள். பெல்ட் மனித உடம்பைப் பிடிக்கச் செய்தது, வட்டமான இரும்பைப் பிடிக்க அல்ல. வைப்பதானால் டிக்கியில் மட்டும், அதுவும் இறுக்கிக் கட்டி. டிக்கிக்கும் இருக்கைக்கும் இடையே வண்டியின் உடற்தகடு இருக்கிறது.

உங்கள் டிக்கி 130 லிட்டர். அதில் சக்கரத்தைக் கட்டியபின் மனைவியின் பை எங்கே, மாமியாருக்கு வாங்கிப்போகும் பொருள் எங்கே? அதைக்கூடச் சமாளித்துவிடலாம். நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. பஞ்சர் ஆகி, ஸ்பேரை மாட்டிவிட்டீர்கள். கழற்றிய சக்கரம் 616 மி.மீ. உயரம், 20 செ.மீ.க்கு மேல் அகலம், சேறு வேறு. அதை எங்கே வைப்பீர்கள்? மெல்லிய ஸ்பேர் இருந்த இடத்தில் அது அடங்காது. பக்கத்து இருக்கையில் உங்கள் மனைவி இருக்கிறார். இரண்டு பேர் வண்டியில் ஸ்பேர் சக்கரத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. என் பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஸ்பேரை எடுத்துப்போக இடம் தேடுகிறார்களே தவிர, பஞ்சரான சக்கரம் திரும்பி வர இடம் தேடுவதில்லை. நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் வீவக பல மாடி வாகன நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிறு காலை ஒரு சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள்.

அந்தக் காலத்து இரண்டு பேர் வண்டிகள் இதை வேறு விதமாகத் தீர்த்தன. 1940களின் எம்ஜி டிசியில் ஸ்பேர் சக்கரம் பெட்ரோல் டாங்கிக்குப் பின்னால் வெளியே தொங்கும். எது கழன்றாலும் அங்கேயே மாட்டிவிடலாம், ஏனென்றால் ஐந்தும் ஒரே அளவு. பிறகு டயர் அகலமானது, பின்டயர் முன்டயரைவிடப் பெரிதானது. ஐந்தாவது சக்கரம் எந்தப் பக்கத்துக்கும் முழுதாகப் பொருந்தாத ஒன்றாகிவிட்டது. பழைய போர்ஷ 911 வண்டிகளில் காற்றில்லாமல் சுருங்கிய ஸ்பேரும், அதற்குக் காற்றடிக்கப் பம்பும் வைத்து அனுப்பினார்கள். இப்போது பலரும் சக்கரத்தையே விட்டுவிட்டுப் புட்டி கொடுக்கிறார்கள். உங்கள் வண்டியில் நான்கும் ஒரே அளவாக இருப்பது நல்ல வாய்ப்பு.

சரி, உங்கள் மாமனார் சொல்வதற்கு வருகிறேன். ஸ்டெப்னி என்ற சொல்லே ஓட்டுநர்களின் சொல். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அப்போது வண்டிகள் ஸ்பேர் இல்லாமல்தான் வந்தன. டயர் வெடித்தால் நடுவழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். அந்தச் சகோதரர்களின் சக்கரம் நூறாண்டுக்கு மேல் எத்தனையோ பேரை வீடு சேர்த்திருக்கிறது. உங்கள் மாமனாரையும் சேர்த்திருக்கும். அவர் பயம் நியாயமானது, அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் அவர் ஓட்டிய லாரிக்குச் சரியாக இருந்த தீர்வு மகள் உட்காரும் இந்த வண்டிக்குச் சரியாகுமா என்பதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு: புட்டித் திரவம் எல்லாப் பஞ்சரையும் அடைக்காது. சாலையைத் தொடும் டயரின் பூப் பகுதியில் ஆணி, திருகு ஏறி, ஓட்டை 4 முதல் 6 மி.மீ.க்குள் இருந்தால்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. உங்கள் டயரின் பக்கச்சுவர் 92 மி.மீ.தான். மழைக்குப் பிறகு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்கிக் கிழியும். அந்த ஒரு சூழ்நிலையில் ஸ்பேர்தான் உதவும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல ஆண்டுக்கு முன், ஓர் இரவு, யோங் பெங் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நண்பரின் வண்டிக்கு வலப்பக்கப் பின்சக்கரம் மாற்றினேன். அப்போதே எனக்கு இந்தத் தொழிலில் பத்து ஆண்டுக்கு மேல் அனுபவம். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று வண்டியை ஆட்டியது. ஜாக்கி சாய்வது என் கண்ணுக்குத் தெரிந்தது. என் முதுகுக்கும் லாரிச் சக்கரத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் இருந்திருந்தால் அதிகம். வேலை முடிந்து எழுந்தபோது கால் நடுங்கியது. அந்த இரவுக்குப் பிறகு யார் கேட்டாலும் இதைச் சொல்கிறேன்: நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள், நிறுத்தும் ஓரமும் இடப்பக்கம். இடச்சக்கரம் பஞ்சர் என்றால், ஓரம் அகலமாக இருந்தால், யோசிக்கலாம். வலச்சக்கரம் என்றால் நெடுஞ்சாலையில் தொடவே கூடாது. ஸ்பேர் இருந்தாலும்தான். தடுப்புக்கு அப்பால் ஏறி நின்று உதவிக்குக் கூப்பிட வேண்டும். வட தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ்ரோண்டா சுற்றுக்காவல் வண்டிகள் இருக்கின்றன. அவர்களின் எண்ணைக் கைப்பேசியில் இன்றே பதிந்துவையுங்கள், மனைவியின் கைப்பேசியிலும்.

சிங்கப்பூருக்குள் ஓட்ட ஸ்பேர் தேவையே இல்லை என்பது என் கருத்து. தீவு விரைவுச்சாலையிலோ மத்திய விரைவுச்சாலையிலோ வண்டி நின்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகில் குறித்துவைத்திருக்கும் வாகன நிறுத்துமிடத்துக்குக் கட்டணம் இல்லாமல் இழுத்துப்போகும். அங்கிருந்து மேற்கொண்டு பார்த்துக்கொள்ளலாம். காலாங் - பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கம் மட்டும் 9 கிலோமீட்டர். அதற்குள் சக்கரம் மாற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கேமராக்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன, ஆள் வந்துவிடும்.

ஆகவே என் முடிவு இது. மனைவியோடு போகும்போது ஸ்பேர் வேண்டாம். தனியாகப் போகும் மாதங்களில், மேலே சொன்னபடி மாட்டிச் சரிபார்த்த சக்கரம் கிடைத்தால், டிக்கியில் கட்டி எடுத்துப்போங்கள். பக்கத்து இருக்கையின் கால்வைக்கும் இடம் பஞ்சரான சக்கரத்துக்கு ஆகும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம்.

ஸ்பேர் வைப்பதானால் கூடவே சில வேலைகள் உண்டு. திரவப் புட்டியோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கொடுப்பதில்லை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கினால் தாழ்ந்த வண்டிக்கான ஜாக்கி வாங்குங்கள். டயர் காற்றிறங்கியபின் வண்டி இன்னும் தாழும், சாதாரண ஜாக்கி அடியில் நுழையாது. தார் இளகிய இடத்தில் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும். வீல் நட்டுகளில், தனிச் சாவி போட்டால்தான் கழலும் பூட்டு நட் இருக்கிறதா? இருந்தால் அதன் சாவி எங்கே? பழைய வண்டி வாங்குபவர்களில் எத்தனையோ பேர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சாவி இல்லாவிட்டால் ஐந்து ஸ்பேர் வைத்திருந்தாலும் பயன் இல்லை. மெல்லிய ஸ்பேரில் காற்று 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், வேகம் 80ஐத் தாண்டக்கூடாது. பின்சக்கரம் பஞ்சரானால் ஸ்பேரை நேராகப் பின்னால் மாட்டாமல், முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டி, ஸ்பேரை முன்னால் போடுங்கள். இரண்டு முறை ஜாக்கி வைக்க வேண்டியிருக்கும், ஆனால் இழுக்கும் அச்சில் இரண்டு அளவுச் சக்கரம் இருக்காது. உங்கள் நான்கும் ஒரே அளவு என்பதால்தான் இது முடிகிறது.

மனைவியோடு போகும் மாதங்களுக்கு என்ன செய்வது? புட்டியை எடுத்து அதில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். நம் வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த திரவம் அது. தேதி தாண்டியிருந்தால் புதிது வாங்குங்கள். ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள், அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். திரவத்தை ஏற்றிக் காற்றடித்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் மெல்ல ஓட்டி, நிறுத்திக் காற்றழுத்தம் பாருங்கள். இறங்கியிருந்தால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. காற்று குறையாமல் நின்றிருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் அடுத்த ஊர் போய்ச் சேரலாம். அந்தச் சாலையில் ஆயர் ஹீத்தாம், யோங் பெங், பாகோ, தங்காக் என்று வெளியேறும் வழிகள் வந்துகொண்டே இருக்கும். டயர் கடையில் உள்ளே திரவம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைத்தொழில் வருமானால் டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். வண்டியைக் கொஞ்சம் முன்பின் உருட்டி ஆணி கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே பாதுகாப்பான இடத்தில் அடைத்துவிடலாம். உங்கள் காப்புறுதி மேற்கு மலேசியாவில் வண்டியை இழுத்துவரும் செலவை ஏற்கிறதா, எவ்வளவு தூரத்துக்கு என்று முகவரிடம் எழுத்தில் கேட்டுவாங்குங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான். காற்றிறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயருக்கு மாறலாமே என்று சிலர் சொல்வார்கள். அதன் பக்கச்சுவர் மிக விறைப்பு. சாதாரண டயருக்கென்று சரிசெய்த சஸ்பென்ஷனில் அதைப் போட்டால் நீங்கள் எதற்காக இந்த வண்டியை வாங்கினீர்களோ அந்தச் சுகம் போய்விடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். உங்கள் நான்கு டயரும் எந்த ஆண்டில் செய்தவை? கடிதத்தில் அளவைச் சொன்னீர்கள், வயதைச் சொல்லவில்லை. இந்த மாதிரி வண்டியை முன்னவர்கள் பெரும்பாலும் ஞாயிறு மட்டும் எடுத்திருப்பார்கள். பூ தேயாது, பார்க்கப் புதிதுபோல் இருக்கும். வாகனப் பரிசோதனையில் 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் தேறிவிடும். ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே மூப்படையும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018இன் 23வது வாரம். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் ஒரு பட்டறையில் உள்ளும் புறமும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து தாண்டியிருந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நானாக இருந்தால் 110 கிலோமீட்டர் வேகத்தில் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஏழாம் ஆண்டிலேயே மாற்றுவேன். ஸ்பேருக்கு ஒதுக்கிய 150 வெள்ளியை அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எல்லையைத் தாண்டும் சிங்கப்பூர் வண்டிகளில் முக்கால் டாங்கி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதால் புறப்படும்போது எப்படியும் பெட்ரோல் நிலையத்தில் நிற்பீர்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் நிலையமாகப் பார்த்து, டயர் சூடேறுமுன் அங்கேயே நான்குக்கும் காற்றழுத்தம் பாருங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு இருக்கிறது. ஒரு டயர் மட்டும் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைகிறது என்றால் அதில் எங்கோ காற்று கசிகிறது, ஏற்கெனவே ஆணி ஏறியிருக்கலாம். உட்லண்ட்ஸ் போகாமல் பட்டறைக்குப் போங்கள்.

அந்த நான்கு இலக்கங்களையும் நான்கு டயரிலும் தனித்தனியாகப் பார்த்து எனக்கு எழுதுங்கள். மாமனாரிடமும் சொல்லுங்கள். 30 ஆண்டு லாரி ஓட்டியவருக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியும்.